வாட்ஸ்அப் கால் விட்டு விட்டு கேக்குதா? பிளான மாத்துறதுக்கு முன்னாடி அப்லோட பாருங்க

எங்க அக்கா சிங்கப்பூர்ல இருக்காங்க, தினமும் நம்ம டைம் ஏழரைக்கு (அங்க பத்து மணி) வேலையெல்லாம் முடிச்சிட்டு அப்பாவுக்கு கூப்பிடுவாங்க. போன வருஷம் ஒரு மூணு மாசம் அந்த கால் பேசவே முடியல. அக்கா பேசுறது அப்பாவுக்கு கணீர்னு கேக்கும், ஆனா அப்பா பேசுறது அங்க துண்டு துண்டா தான் போகும். "மாத்திரை போட்டுட்டேன்மா"னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு மூணு தடவ கத்துவார், அக்காவுக்கு "மா... போ..."னு மட்டும் கேக்கும், அப்புறம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் போன என்கிட்ட குடுத்துட்டு எழுந்து போயிடுவார். அத பாத்துட்டு சும்மா இருக்க முடியல. நெட் கனெக்ஷன் குடுத்தவங்க பெரிய பிளானுக்கு மாத்துங்கன்னாங்க, 50 எம்பிபிஎஸ்ல இருந்து 100க்கு மாத்துனோம், மாசம் காசு ஏறுனது தான் மிச்சம், கால் அப்படியே தான் இருந்துச்சு. கடைசில சரியானது செட்டிங்ஸ்லதான், அதுக்கு பத்து பைசா செலவில்ல. அத தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் புரியணும், வாய்ஸ் காலுக்கு ஸ்பீடே பெருசா வேணாம். குரல டேட்டாவா மாத்துற முறைக்கு கோடெக்னு பேரு, பழைய ஜி.711 கோடெக்ல பேசுனா கூட ஒரு பக்கத்துக்கு 80லேருந்து 90 கேபிபிஎஸ் தான் (1000 கேபிபிஎஸ் தான் ஒரு எம்பிபிஎஸ்), ஓபஸ் மாதிரி புது கோடெக் அதவிட கம்மிலயே நல்லா ஓடும். 100 எம்பிபிஎஸ் லைன்ல இது ஒரு ஓரத்துக்கு கூட காணாது. ஆனா குரலுக்கு வேற ஒரு தேவை இருக்கு, நேரத்துக்கு போய் சேரணும். நீங்க பேசுறத ஆப் பொதுவா 20 மில்லிசெகண்ட் துண்டா வெட்டி அனுப்பும், அதாவது செகண்டுக்கு 50 பாக்கெட். போட்டோ அனுப்பும்போது ஒரு பாக்கெட் தொலஞ்சா திரும்ப அனுப்பிக்கலாம், குரல்ல அது நடக்காது, லேட்டா வந்த துண்ட அந்த பக்கம் தூக்கி போட்டுட்டு அடுத்ததுக்கு போயிடும். அந்த ஓட்டை தான் நமக்கு "மா... போ..."னு கேக்குறது. ஒரு பக்கம் போய் சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியு கணக்கு வெச்சிருக்கு, 400ஐ தாண்டிட்டா ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

அப்ப எங்க லேட் ஆகுது? பெரும்பாலும் நம்ம வீட்டு மோடம் வாசல்லயே. எங்க லைன் பழைய கேபிள் லைன், டவுன்லோட் 100 குடுத்தாலும் அப்லோட், அதாவது வீட்ல இருந்து வெளிய போற ஸ்பீட், 4 தான். தம்பி காலேஜ் விட்டு வந்து வைஃபை கனெக்ட் ஆனதும் அன்னைக்கு எடுத்த வீடியோ எல்லாத்தையும் கூகுள் போட்டோஸ் மேல ஏத்த ஆரம்பிக்கும், வாசல் சிசிடிவி வேற 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பிட்டு இருக்கும். 4 எம்பிபிஎஸ் லைன்ல மோடத்துக்குள்ள அரை எம்பி டேட்டா தேங்கி நின்னா அது வெளிய போகவே ஒரு செகண்ட் ஆகும், கணக்கு போட்டு பாருங்க (ஒரு எம்பின்னா 8 மெகாபிட், அரை எம்பின்னா 4). ரேஷன் கடை க்யூ மாதிரி தான், முன்னாடி பத்து பேர் மூட்டை மூட்டையா அரிசி வாங்க நிக்கிறாங்க, பின்னாடி ஒரு பாட்டி ஒரே ஒரு பாமாயில் பாக்கெட்டுக்கு நிக்கிறாங்க, அந்த பாட்டி தான் அப்பாவோட குரல். இந்த தேக்கத்துக்கு பஃபர்புளோட்னு பேரு, ஜிம் கெட்டிஸ்னு ஒரு இன்ஜினியர் தன்னோட வீட்டு லைன்ல இதையே பாத்துட்டு 2010 வாக்குல வெச்ச பேரு.

உங்க வீட்லயும் இது தானான்னு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம். ஃபாஸ்ட்.காம் ஓபன் பண்ணுங்க, ஸ்பீட் காட்டுனதும் கீழ இன்னும் விவரம் பாக்குற பட்டன் இருக்கும், அதுல லேட்டன்சி, அதாவது டேட்டா போயிட்டு வர எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுங்கிறது, ரெண்டு நம்பரா வரும், லைன் சும்மா இருக்கும்போது ஒண்ணு, லோடு இருக்கும்போது ஒண்ணு. சும்மா இருக்கும்போது 20, லோடுல 40னா கவலையே இல்ல. லோடுல 300, 500னு போச்சுன்னா அதான் வியாதி. அப்லோட் நம்பரும் அங்கேயே இருக்கும், அத எழுதி வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அடுத்து லேப்டாப்ல கமாண்ட் விண்டோவ ரெண்டு தடவ திறந்து, ஒண்ணுல ரவுட்டர் அட்ரஸுக்கு (நிறைய வீட்ல 192.168.1.1 தான்) பிங் (ping) ஓட விடுங்க, இன்னொண்ணுல வெளிய இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. ஒரு சின்ன பாக்கெட் போயிட்டு வர எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பிங் காட்டும். விண்டோஸ்ல நாலு தடவயோட நின்னுடும், ஒரு ஸ்பேஸ் விட்டு கடைசில மைனஸ் டி (-t) சேத்துக்கிட்டா ஓடிட்டே இருக்கும். எங்க வீட்ல அப்படி ஓடவிட்டு உக்காந்திருந்தேன், 22, 24, 23னு அழகா வந்துட்டு இருந்துச்சு, தம்பி உள்ள வந்து செருப்ப கழட்டுறான், ஒரு நிமிஷம் ஆகல, 180, 410, 760, 930. ரவுட்டருக்கு போற பிங் மட்டும் 2, 3னு அசையாம இருந்துச்சு. அதாவது வைஃபை நல்லாருக்கு, வெளிய போற லைன் தான் அடைச்சிருக்கு. உங்களுக்கு ரவுட்டர் பிங்கே 50, 200னு குதிச்சா பிரச்சனை வைஃபைல இருக்கு, அது வேற கத, கீழ சொல்றேன்.

லைன் தான் அடைப்புன்னா முதல்ல அப்லோட் பண்றவங்கள பிடிங்க. கூகுள் போட்டோஸ் பேக்கப்ப ஆஃப் பண்ணி வெச்சிட்டு படுக்கும்போது ஆன் பண்ணுங்க, இது ஒண்ணே பாதி வீட்டுக்கு போதும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ரெண்டுலயும் அப்லோட் ஸ்பீடுக்கு லிமிட் வைக்கிற இடம் செட்டிங்ஸ்ல இருக்கு. விண்டோஸ் அப்டேட்குள்ள டெலிவரி ஆப்டிமைசேஷன்னு ஒண்ணு இருக்கும், உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வெளி ஆளுங்களுக்கு அப்டேட் அனுப்ப அது உங்க அப்லோட எடுத்துக்கலாம், அத ஆஃப் பண்ணிடுங்க, இது நிறைய பேருக்கு தெரியாது. சிசிடிவிய ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் ரெக்கார்ட் பண்ற மாதிரி மாத்துங்க. டோரன்ட் யூஸ் பண்றவங்க அப்லோட் லிமிட் வைங்க.

ஆனா வீட்ல நாலு பேர் இருந்தா தினமும் ஏழரைக்கு ஒவ்வொருத்தர் போனையும் பிடுங்கி பாக்க முடியாது, சண்டை தான் வரும். நிரந்தர தீர்வு ரவுட்டர்ல தான். செட்டிங்ஸ்ல க்யூஓஎஸ்னு (QoS) இருக்கான்னு பாருங்க, கோயில்ல தர்ம தரிசனத்துக்கு பக்கத்துலயே சிறப்பு தரிசன வரிசை விடுற மாதிரி தான் அது, அப்பா போனுக்கு முன்னுரிமை குடுத்துடலாம். இங்க தான் முக்கால்வாசி பேர் ஒரு தப்பு பண்றாங்க, உங்க லைன் ஸ்பீட் என்னன்னு கேக்குற இடத்துல பிளான்ல போட்டிருக்கிற நம்பர போட்டுடுவாங்க, அப்புறம் க்யூஓஎஸ் வேலையே செய்யலன்னு சொல்லுவாங்க. டெஸ்ட்ல நிஜமா வந்த நம்பர்ல 90 சதவீதம் போடுங்க, 4 வந்துச்சுன்னா 3.6. ஏன்னா கூட்டம் நம்ம ரவுட்டர் வாசல்ல நிக்கணும், அப்ப தான் யார முன்னாடி விடுறதுன்னு நாம முடிவு பண்ண முடியும், கூட்டம் கம்பெனி மோடத்துல போய் நின்னுடுச்சுன்னா அங்க நம்ம பேச்சு எடுபடாது.

கம்பெனி குடுக்குற ரவுட்டர்ல பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, இல்ல லாக் பண்ணி வெச்சிருப்பாங்க. அப்படின்னா ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரவுட்டர்ல போடுற இலவச சாஃப்ட்வேர்) போடக்கூடிய ஒரு ரவுட்டர் பழசா வாங்கி அதுக்கு பின்னாடி மாட்டுங்க, வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலும் வெர்ஷனும் அவங்க சைட்ல சப்போர்ட் லிஸ்ட்ல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. அதுல க்யூவ ஒழுங்குபடுத்துற எஸ்க்யூஎம் (SQM) பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணி, வெளி லைன் போர்ட்ட செலக்ட் பண்ணி, கேக்னு (cake) இருக்கிறத எடுத்து, ஸ்பீட கிலோபிட்ல போடணும், 3.6ன்னா 3600. அவ்ளோ தான், எந்த போனுக்கு முன்னுரிமைன்னு கூட சொல்ல வேணாம், யார் கம்மியா அனுப்புறாங்களோ அவங்கள அதுவே முன்னாடி விட்டுடும். எங்க வீட்ல 900 போன பிங் அதுக்கப்புறம் 40ஐ தாண்டல, தம்பி வீடியோ கொஞ்சம் மெதுவா ஏறுது, அவன் கவனிக்கவே இல்ல.

வைஃபை தான் பிரச்சனைன்னா போன 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேருல கனெக்ட் பண்ணுங்க, ரவுட்டர் இருக்கிற ரூம்லயே உக்காந்து பேசுங்க, சுவர் தாண்டுனா 5 சீக்கிரம் பலவீனமாயிடும். தூரம் அதிகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் தான் கிடைக்கும்னா ரவுட்டர் செட்டிங்ஸ்ல சேனல் 1, 6, 11 மூணுல எது காலியா இருக்கோ அத வைங்க, அபார்ட்மென்ட்ல எல்லாரும் 2.4ல தான் நெருக்கி நிப்பாங்க, மைக்ரோவேவும் புளூடூத் ஹெட்செட்டும் கூட அங்கயே தான். ஆபீஸ் காலுக்கு டெஸ்க் போன், லேப்டாப் வெச்சிருக்கிறவங்க யோசிக்காம லேன் கேபிள் போடுங்க. எஸ்ஐபி (SIP) போன்ல, அதாவது நெட் வழியா ஓடுற ஆபீஸ் போன்ல, ஒரு பக்கம் மட்டும் கேக்குதுன்னா ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜிங்கிற (SIP ALG) ஆப்ஷன ஆஃப் பண்ணி பாருங்க.

இதெல்லாம் பண்ண நேரமில்ல, கால் இப்பவே உடையுதுன்னா வீடியோவ கட் பண்ணி வாய்ஸ் மட்டும் பேசுங்க, வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள காலுக்கு கம்மி டேட்டா யூஸ் பண்ற ஆப்ஷன ஆன் பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, நீங்க பேசுறது அவங்களுக்கு உடையுதுன்னா உங்க அப்லோட முதல்ல பாருங்க, அவங்க பேசுறது உங்களுக்கு உடையுதுன்னா அவங்க அப்லோடா இருக்கலாம், இதே டெஸ்ட்ட அந்த பக்கமும் பண்ண சொல்லுங்க. எங்க அக்காவும் பண்ணாங்க, அவங்க ரூம்மேட் லேப்டாப்ல ஒரு பேக்கப் ஓடிட்டு இருந்துச்சு. இப்பல்லாம் அப்பா ஏழரைக்கு முன்னாடியே போன வெச்சிட்டு சோஃபால உக்காந்திடுறார், மாத்திரை விஷயம் ஒரே தடவ தான் சொல்றார்.