துன்ப நாட்களில் சந்தோஷமும் சமாதானமும்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை பறிபோகும்போதும், தீராத நோய் என்று மருத்துவர் சொல்லும்போதும், உயிருக்கு உயிரான ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும்போதும் விசுவாசி ஆறுதல் தேடி வேதத்தைத் திறக்கிறார். அங்கே ஆறுதல் நிறைந்திருந்தும் பலருக்கு அது கைக்கு எட்டாமல் போவதற்குக் காரணம், விசுவாசம் உள்ளவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுப் பழகிய சில தவறான எண்ணங்களே.

அவற்றுள் முதன்மையானதும் மிகுந்த சேதம் விளைவிப்பதும் துக்கத்தை மறைப்பதாகும். அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி, யார் நலம் விசாரித்தாலும் "கர்த்தர் நன்றாக நடத்துகிறார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, இரவில் தனியே உடைந்துபோகிறவர்கள் சபைகளில் குறைவல்ல. இந்த நடிப்பு மனிதரோடு நின்றுவிடாமல் ஜெபத்துக்குள்ளும் நுழைந்து, தேவனிடத்திலும் உள்ளதைச் சொல்லாத பழக்கமாக மாறிவிடுகிறது. வேதமோ இதற்கு நேர்மாறானது. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி 4 முறை எழுகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கத் தாவீது தயங்கவில்லை. 88-ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் கடைசி வரை முறையிட்டுவிட்டு, நம்பிக்கையின் பக்கம் திரும்பாமலேயே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பாடலை ஆராதனைக்கான தொகுப்பில் சேர்த்தவர்கள், அதைப் பாட வேண்டிய நாட்களும் தேவனுடைய ஜனத்துக்கு வரும் என்று அறிந்திருந்தார்கள். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவும் அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்று கேட்கலாம். கட்டுண்ட நிலையில் அவர் எழுதிய பிலிப்பியருக்கான நிருபத்தை முழுமையாக வாசித்தால் விடை கிடைக்கும். மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்ட தம் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தமக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகியிருக்கும் என்று இரண்டாம் அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறார்; மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகச் சொல்கிறார். ஆகையால் அவர் சொல்லும் சந்தோஷம் துக்கத்தை வெளியே துரத்திவிட்டு வந்து அமர்வதல்ல. துக்கம் இருக்கும் அதே வீட்டில் அதுவும் குடியிருக்கிறது. மேலும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்றுதான் அவர் எழுதுகிறார். கற்பதற்குக் காலம் பிடிக்கும். ஒரே ஆராதனையில், ஒரே உபவாசத்தில் அது வந்துவிடவில்லையே என்று தம்மைத் தாமே நொந்துகொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தவறு, வசனங்களை அவற்றின் இடத்திலிருந்து பிரித்தெடுப்பது. தேவன் நம்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 பெரும்பாலோர் மனப்பாடமாக அறிந்த வாக்குத்தத்தம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் மீட்பு என்கிறது. சீக்கிரத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளைக் கேளாதிருங்கள், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பதே அக்கடிதத்தின் செய்தி. அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இவ்வசனத்தை ஆதாரமாகக் காட்டுவது, எரேமியா யாரை எதிர்த்து எழுதினாரோ அவர்கள் பக்கமே சாய்வதாகும். முந்தைய பத்து வசனங்களையும் சேர்த்து வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துப்போவதில்லை. நீண்ட காத்திருப்பையும் தாங்கக்கூடியதாகிறது.

ஜெபத்தைப் பேரமாக்குவதும் இதோடு சேர்ந்தே வருகிறது. இத்தனை நாள் உபவாசித்தேன், இவ்வளவு காணிக்கை கொடுத்தேன், இன்னும் ஏன் பதில் இல்லை என்று கணக்குப் பார்க்கும் மனத்துக்குச் சமாதானம் வருவது கடினம். தம்மை வருத்திய ஒரு பாடு நீங்க, அதை மாம்சத்திலுள்ள முள் என்று குறிப்பிட்ட பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலே வந்தது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு மூன்று முறை ஜெபித்தும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பிலிப்பியர் 4:6-7-ஐக் கவனித்து வாசியுங்கள்: விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தும்போது கிடைக்கும் என்று அங்கே வாக்களிக்கப்படுவது, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்பதே. கேட்டது கேட்டபடியே நடக்கும் என்று அவ்வசனம் சொல்லவில்லை. ஆகவே கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. கிடைக்கும்வரை சமாதானத்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

எந்தப் பாவத்துக்காக இந்தத் தண்டனை என்று தோண்டித் துருவுவது இன்னொன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனோ அவனைப் பெற்றவர்களோ செய்த பாவம் காரணமல்ல என்று இயேசு மறுத்துவிட்டார். யோபுவின் சிநேகிதர் ஏழு நாட்கள் அவனோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் தேவகோபத்துக்கு ஆளானார்கள். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இந்த வரிசையை மறக்கலாகாது.

கடைசியாக, சரீரத்தை அலட்சியம் செய்வதும் தனித்துப்போவதும். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவை தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா மறுபடியும் உறங்கினான், மறுபடியும் உணவு வந்தது. அதன் பிறகே ஓரேப் மலைக்கு நெடும்பயணம். உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் அழைக்கிறார். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாட வேண்டும், நம்பகமான ஒருவரிடம் சொல்லவும் வேண்டும். ஜெபிக்கவே வாய் வராத நாட்களில் போதகரிடமோ நெருங்கிய விசுவாசி ஒருவரிடமோ "என்னால் முடியவில்லை, நீங்கள் எனக்காக ஜெபியுங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் காரியத்தில் இயேசு கண்டதாக மாற்கு எழுதுவது, அவனைச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்துத்தான்.