வீட்டு வேலை: நேரத்தைப் பார்க்கிறோம், உடம்பைப் பார்க்கிறோமா?

திருகோணமலைப் பக்கம் பல வீடுகளில் நாள் இப்படித்தான் போகிறது. பள்ளிக்கூடம் ஏழரைக்கு, அதுவரை ஒரே ஓட்டம். பிள்ளைகள் போனதும் ஒரு தேத்தண்ணி, கொஞ்சம் ஃபோன். உடுப்புத் தோய்க்கவும் முற்றம் கூட்டவும் இறங்கும்போது பதினொரு மணியாகிவிடும். நேரம் கிடைத்தது சரி, ஆனால் உடம்புக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை.

கச்சான் காற்று வீசும் காலத்தில் இது இன்னும் மோசம். இந்தத் தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகி வருகிறது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனதென்றே தெரியாது. பின்னேரம் தலையிடி வந்த பிறகுதான் விளங்கும். கிணற்றடி, முற்றத்து வேலைகளைக் காலையிலேயே முடியுங்கள், இல்லையென்றால் வெயில் தாழட்டும். உச்சி வெயிலில் கீரை ஆயலாம், உடுப்பு மடிக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

அடுத்தது, இருந்து எழும்புவது. மீன் வெட்டக் குந்திய பிறகு சட்டிக்கு ஒருமுறை, உப்புக்கு ஒருமுறை, கழிவு போடப் பைக்கு ஒருமுறை எழும்புகிறோம். முழங்கால் நோவுக்கு இந்த எழும்பலும் ஒரு காரணம். கத்தி, சட்டி, உப்பு, புளி, பை, ஒரு வாளி தண்ணீர் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டே குந்துங்கள். தேங்காய் திருவத் திருவலையில் இருக்கும்போதும் அப்படியே. நின்று வெட்டுகிறவர்களுக்குப் பலகை முழங்கைக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் முதுகு வளையாது.

இடியப்பத்துக்குக் கோதுமை மா அவிப்பதை நாளுக்கு நாள் செய்யத் தேவையில்லை. ஒரேயடியாக அவித்து, சூட்டோடு அரித்துவிடுங்கள். ஆறினால் கட்டி இறுகி, அரிப்பதே தனி வேலையாகிவிடும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டால் பல நாளைக்கு வரும்.

உடுப்பை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். மாரி மழையில் ஞாயிற்றுக்கிழமைக் குவியல் காயவே காயாது, மணம் பிடித்துத் திரும்பவும் தோய்க்க வேண்டி வரும்.

எல்லாவற்றையும் அம்மாவே இழுத்துப்போட்டுச் செய்வதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. பத்து வயதுப் பிள்ளை தன் கோப்பையைக் கழுவலாம், அப்பா தேங்காய் திருவலாம். அவர்கள் செய்தது கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், பின்னாலேயே போய்த் திரும்பச் செய்யாதீர்கள். அடுத்த நாள் அவர்கள் கை வைக்க மாட்டார்கள்.