தொடர் கொலை விசாரணை நாவல்: சேலத்தையும் ஏற்காட்டையும் களமாக வைத்து எழுதுவது எப்படி?

தொடர் கொலையாளியைக் காவல்துறை தேடிப் பிடிக்கும் நாவலை முதன்முறையாக எழுதுவோர் பெரும்பாலும் கொலையாளியின் மனத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தனித்தனியே கிடக்கும் சில மரணங்கள் ஒரே கையின் வேலை என்று ஒரு காவலர் உணரும் கணமே இவ்வகை நாவலின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழுள்ள படிகள் அந்தக் கணத்தை நோக்கியே செல்கின்றன.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

அஸ்தம்பட்டி காவல் நிலையம் சேலம் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வருகிறது. ஏற்காடு காவல் நிலையமோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நடக்கும் மரணமும் அடிவாரத்தைத் தாண்டி நகருக்குள் நடக்கும் மரணமும் வெவ்வேறு அதிகாரிகளின் மேசைக்குச் செல்வதால், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு நெடுநாள் எவர் கண்ணிலும் படாமல் போவது வாசகருக்கு இயல்பாகவே தோன்றும். உங்கள் இன்ஸ்பெக்டரை இரண்டில் ஒரு பக்கத்தில் நிறுத்துங்கள்.

படி 2: அத்தியாயத்துக்கு முன் கோப்புகளை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். மூன்று மரணங்களை எடுத்துக்கொள்வோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எஸ்டேட் வேலைக்கு வந்த பெண் ஒருவர் காணாமல் போகிறார்; ஊருக்குத் திரும்பியிருப்பார் என்று எல்லோரும் எண்ணிக்கொள்ள, பல நாள் கழித்தே அவர் உடல் புதரில் கிடைக்கிறது. மலைச்சரிவில் கிடந்த ஓர் ஆணின் உடல், தவறி விழுந்ததாகக் கருதப்பட்டு, சந்தேக மரணமாகப் பதிவாகிறது. மூன்றாவது, சேலம் நகருக்குள் செவ்வாய்ப்பேட்டையில் நடந்த வெளிப்படையான கொலை. ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் பதியும் குறிப்பு), பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை நீங்களே எழுதிப் பாருங்கள்.

சட்டப் பிரிவுகளைக் கதை நடக்கும் ஆண்டோடு பொருத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவும், சந்தேக மரணத்துக்கு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் பொருந்தும். அதற்கு முந்தைய கதையென்றால் முறையே இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. இறந்தவர் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினராக இருந்து, வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்பதால், உங்கள் இன்ஸ்பெக்டரின் கையைவிட்டு வழக்கு போய்விடும். கதைக்கு இது நல்ல திருப்பம்.

இனி, மூன்றையும் இணைக்கும் பொருளை ஒளித்து வையுங்கள். காப்பி மூட்டை தைக்கும் சணல் கயிறு அதற்குப் போதும்: ஒரு மகஜரில் அது கைப்பற்றிய பொருள்களுள் ஒன்று, இன்னொன்றில் மணிக்கட்டில் இருந்த தழும்பு மட்டும், மூன்றாவதில் எவரும் குறிப்பிடாத ஒன்று. மூன்று உடல்களும் சேலம் அரசு மருத்துவமனைப் பிணவறைக்கே வந்ததாக வைத்துக்கொண்டால், எல்லைகள் பிரித்ததை அந்த ஒரே மேசை சேர்த்துவிடும்.

படி 3: தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுங்கள்

மே மாதச் சேலம் வெயிலில் வேகமாகச் சிதையும் உடல், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரில் மெதுவாகவே சிதையும், விறைப்பும் தாமதமாகும். ஆகவே மலையில் இறந்த நேரத்தைக் கணிப்பதில் பிழை நேரலாம், அந்தப் பிழையால் ஒரு நிரபராதி சந்தேகத்துக்கு ஆளாகலாம்.

படி 4: வாக்குமூலத்தோடு கதையை முடிக்காதீர்கள்

காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு சொல்வது இதுதான். ஆகவே கொலையாளி பேசிய பிறகுதான் உங்கள் இன்ஸ்பெக்டருக்கு உண்மையான வேலை தொடங்குகிறது: மீதமிருக்கும் கயிற்றுக் கண்டை அவன் காட்டும் இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் எடுக்க வேண்டும், நீதிமன்றம் காவலில் வைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை அவனுக்கு வந்துவிடும்.

படி 5: இறந்தவர்களை எண்களாக்காதீர்கள்

எஸ்டேட் பெண்ணைத் தேடி அவர் அக்கா நிலையத்துக்கு வந்தபோது புகாரை வாங்கிய ஏட்டு என்ன சொன்னார், அக்கா எந்தப் பேருந்தில் திரும்பினார், கூலிப் பாக்கி யாரிடம் நின்றது என்பதையெல்லாம் எழுதுங்கள். கொலையாளிக்குத் தரும் பக்கங்களைவிட இவர்களுக்கு அதிகப் பக்கங்கள் தர வேண்டும்.

இவை தயாரானதும், இன்ஸ்பெக்டர் மூன்று மகஜர்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். அது நாவலின் நடுவில் வந்தாலும், மற்ற அத்தியாயங்களில் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.