விறகடுப்பு புகைந்தால் தவறு எங்கே? மலையகக் குசினிகளுக்காகச் சில குறிப்புகள்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஜூன் மாதத்தில் விடிகாலை நாலரை மணிக்கு எந்த லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) கடந்து போனாலும் தகரக் கூரையின் இடுக்குகளில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருக்கும். உள்ளே யாராவது ஊதாங்குழலை வைத்து ஊதுவார்கள், நடுவில் இருமுவார்கள். எங்கள் காம்பராவில் அது அம்மா. பெரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க) போவதற்குள் தேத்தண்ணியும் ரொட்டியும் ஆக வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "விறகடுப்புன்னா பொகையத்தானே செய்யும்" என்பார். நானும் வெகுகாலம் அதை நம்பினேன்.

இப்போது நம்புவதில்லை. மரம் சூடேறும்போது அதிலிருந்து முதலில் வாயு கிளம்புகிறது. போதிய சூடும் காற்றும் இருந்தால் அந்த வாயு எரிந்து சுவாலையாகிறது. இல்லாவிட்டால் அதுவே புகையாகி நம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வருகிறது. தலையில் சுமந்து கொண்டுவந்த விறகில் ஒரு பங்கு எரியாமலே கூரை வழியாகப் போகிறது என்று அர்த்தம். பற்றவைத்த முதல் சில நிமிடங்கள் புகைவது இயல்பு. அதற்குப் பிறகும் அடுப்பு புகைந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒரு தவறு நடக்கிறது. பெரும்பாலும் அது அடுப்பில் இல்லை, விறகில்தான் இருக்கிறது.

ஈர விறகு

அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் தள்ளினால் அரை லீட்டர் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறோம். அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை சோற்றுப் பானைக்குப் போக வேண்டிய சூடு அதற்கே செலவாகும். நெருப்பும் குளிர்ந்து போவதால் வாயு எரியாமல் புகையாகும்.

தேயிலைச் செடிகளின் கவ்வாத்து முடிந்ததும், வெட்டிப் போட்ட கிளைகளான மிலாறைக் கட்டிக்கொண்டு வருகிறோம். இடம் இல்லாததால் குசினியின் பின்சுவரை ஒட்டி மண்தரையிலேயே குவித்து, மழைக்குப் பயந்து மேலிருந்து கீழ்வரை பொலித்தீனால் மூடிவிடுகிறோம். மலையகத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. மூடியதும் மரத்தின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்து, திரும்ப விறகின்மேலேயே சொட்டுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் பூஞ்சணம் பிடித்து, வெட்டிய நாளைவிட மோசமாக இருக்கும்.

விறகு காய வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நான்கு கல் வைத்து, அதன்மேல் இரண்டு தடியைக் குறுக்கே போட்டு, நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்த்தி அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மேலே மட்டும் ஒரு பழைய தகரம். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். சாரல் அடித்து ஓரங்கள் நனைந்தால் கவலைப்படாதீர்கள், வெளியே பட்ட மழை இரண்டு நாளில் உலர்ந்துவிடும். மரத்துக்குள் இருக்கிற ஈரம்தான் பிரச்சினை.

சவுக்கு, யூகலிப்டஸ் போன்ற பருத்த மரங்களை உருளையாகவே போட்டு வைப்பதும் தவறு. பட்டை ஈரத்தை விடாது. கொண்டுவந்த கையோடு மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்துவிடுங்கள். மெல்லிய மிலாறு நல்ல வெயிலில் சில வாரங்களில் காயும். பிளந்த கட்டைக்கு மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும். ஈரமானது பொத்தென்று மந்தமாகக் கேட்கும். முனையில் வெடிப்புகள் ஓடியிருப்பதும் நல்ல அறிகுறி.

எந்த மாதத்தில் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. அங்கே இருப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் விறகைக் காயவைத்து முடிக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காற்று வீசும், வருடக் கடைசியில்தான் மழை கொட்டும். மழை தொடங்கிய பிறகு விறகு தேடப் போனால் அந்த வருடம் முழுக்க இருமல்தான்.

பற்றவைக்கிற அவசரம்

ஈர விறகை எப்படியாவது பற்றவைக்க வேண்டும் என்கிற அவசரத்தில்தான் சொப்பிங் பேக்கும், டயர்த் துண்டும், பழைய ரப்பர் செருப்பும் அடுப்புக்குள் போகின்றன. தயவுசெய்து வேண்டாம். அந்தப் புகையில் நச்சு இருக்கிறது, குனிந்து ஊதுகிறவர் அதை நேராக உள்ளே இழுக்கிறார். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய கம்பத் துண்டு எல்லாம் இதே கணக்குதான். தணலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது இதைவிட ஆபத்து. எண்ணெய் ஆவியாகி ஒரே வீச்சில் பற்றி, போத்தல் பிடித்த கைவரை வரும்.

தேங்காய் துருவிய சிரட்டையை எறியாமல் ஒரு உர பேக்கில் சேர்த்து வையுங்கள். இரண்டு சிரட்டைச் சில்லும் ஒரு பிடி காய்ந்த பைன் இலையும் இருந்தால் எந்த மழையிலும் அடுப்பு பற்றும். பைன் கட்டையை மட்டும் சமையல் முழுக்க எரிக்காதீர்கள். அதன் பிசின் கரியை அள்ளி அப்பிவிடும்.

திணிப்பது

நெருப்பு மந்தமானால் கை தானாக இன்னொரு விறகைத் தள்ளுகிறது. அடுப்பின் வாயை அடைத்துவிட்டால் காற்று எந்த வழியாக உள்ளே போகும்? விறகு வாயின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மெல்லிய துண்டுகள் மூன்று, நான்கு போதும். நுனி மட்டும் எரிய வேண்டும், அது எரிய எரிய விறகை உள்ளே தள்ள வேண்டும். நேற்றைய சாம்பலை அள்ளாமல் அதன்மேலேயே பற்றவைப்பதும் காற்றைத்தான் அடைக்கிறது. ஒரு விரல் உயரத்துக்குச் சாம்பல் இருந்தால் தணல் அணையாமல் இருக்க உதவும். அதற்கு மேல் இருப்பதை அள்ளிவிடுங்கள்.

பானையைத் தாங்கும் அடுப்புக் குமிழ்களையும் கவனியுங்கள். தேய்ந்து போய்ப் பானை அடுப்பின் விளிம்போடு ஒட்டி உட்கார்ந்தால் சுவாலை மேலே ஏற வழியில்லாமல் முன்வாசல் வழியாக நம் முகத்துக்கே திரும்பும். குமிழ் அதிக உயரமாக இருந்தால் சூடு பானையைத் தொடாமல் ஓரமாகப் போய்விடும். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும்.

கொடியடுப்பு (ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கும் அடுப்பு) இருக்கிற வீட்டில் பக்கத்து வாயைத் திறந்தே போட்டுவிட்டு ஒரே பானையில் சமைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. முதல் பானையைத் தொட்டுவிட்டு வரும் சூடு அந்த வழியாகத்தான் போகிறது. கறி வைக்காவிட்டாலும் குளிக்க ஒரு குண்டான் தண்ணீர் வையுங்கள். இலங்கையில் பரவலாக விற்கும் அனகி அடுப்பும் இதே முறையில் செய்ததுதான். சுட்ட மண்ணில் இரண்டு வாய் வைத்த அடுப்பு. அதை வாங்கிவந்து அப்படியே தரையில் வைத்து எரிப்பவர்கள் பலர். சுற்றிலும் மண் பூசிக் கட்டினால்தான் சூடு உள்ளே நிற்கும், அடுப்பும் சீக்கிரம் வெடிக்காது.

உயரத்தில் கொதிக்கும் தண்ணீர்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். கொழும்பில் இருந்து வந்த உறவினர், "உங்க ஊர்ல பருப்பு ஏன் வேகவே மாட்டேங்குது?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். நாம் அதற்குச் செய்வது விறகை அள்ளித் திணிப்பது. ஆனால் தண்ணீர் ஒருமுறை கொதித்த பிறகு எவ்வளவு எரித்தாலும் பானைக்குள் சூடு அந்த 94க்கு மேல் ஏறாது. தண்ணீர் வற்றுவதும் விறகு தீர்வதும்தான் வேகமாக நடக்கும். கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்து, மூடி போட்டு, தணலில் வேக விடுங்கள். கடலையையும் பயறையும் முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அதை விறகடுப்பிலும் வைக்கலாம், வெளியே கரி பிடிக்கும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கரிக்கும் வழி இருக்கிறது: ஏற்றுவதற்கு முன் அடிப்பக்கத்தில் சாம்பலைக் குழைத்து மெல்லியதாகப் பூசிவிட்டால், கழுவும்போது கரி அதோடு சேர்ந்து வந்துவிடும்.

இரவில் தணலை அறைக்குள் கொண்டுபோவது

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் சமையல் முடிந்த தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கிற காம்பராவில் வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. புகை இல்லையே, தணல்தானே என்று நினைக்கிறோம். புகை இல்லாத அந்தத் தணல்தான் காபன் மொனொக்சைட் வாயுவை விடுகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை வாந்தி எடுத்து அழுததால்தான் அந்தக் குடும்பமே விழித்தது. அம்மா போய்க் கதவைத் திறந்தபோது பிள்ளையின் தகப்பனால் எழுந்து நிற்க முடியவில்லை. அன்று எல்லோரும் பிழைத்தார்கள்.

குளிருக்குப் போர்வையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும். தணல் குசினியிலேயே இருக்கட்டும். யாராவது அப்படி மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு கிடையாது.

சமைக்கும்போதும் குசினிக் கதவைச் சாத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020 ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எரிபொருள் எரித்துவரும் மாசினால் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். சுவாசநோய், பிள்ளைகளுக்கு நிமோனியா, கண்ணில் புரை, எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ முதுகில் கட்டிக்கொண்டோ அடுப்படியில் நிற்காமல் இருந்தாலே பாதி நன்மை.

பரணும் புகைக்கூடும்

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயவைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அது கை எட்டும் உயரத்தில் தொங்கினால், ஒரு பொறி போதும். லயத்தில் ஒரு வீட்டின் கூரை பக்கத்து வீட்டின் கூரையோடு தொடர்கிறது. ஒரு குசினியில் பற்றுவது வரிசை முழுவதையும் எரித்துவிடும். பரணில் காய்ந்த இலையோ, உமல் பையோ, பொலித்தீனோ வைக்காதீர்கள். தூங்கப் போகும் முன் பரணில் தொங்கும் ஒட்டடைக் கரியையும் அடுப்பு வாயையும் ஒரு தடவை பாருங்கள். நைலோன் சால்வை, நைற்றி இவற்றோடு அடுப்படிக்குப் போவதும் வேண்டாம். அவை உருகித் தோலில் ஒட்டும். சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.

புகைக்கூடு வைத்தவர்கள் அதைக் கூரையின் முகட்டைவிடத் தாழ்வாக நிறுத்திவிட்டு, "புகை திரும்பி வருது" என்கிறார்கள். மலைக்காற்று முகட்டில் மோதிக் கீழே சுழல்வதால் அப்படித்தான் வரும். முகட்டுக்கு மேல் இரண்டு அடி உயரட்டும், மழைக்கு ஒரு தொப்பி இருக்கட்டும். ஈர விறகு எரித்தால் குழாயின் உள்ளே தார் போலக் கருப்பாகப் படியும். அது ஒருநாள் தானே தீப்பற்றும். மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஒரு மூங்கிலில் சாக்கைச் சுற்றி உள்ளே தேய்த்து எடுங்கள்.

வெடிப்பும் சாம்பலும்

சமையல் முடிந்ததும் சூடான அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைப்பதுதான் மண் அடுப்பு வெடிக்க முதல் காரணம். விறகை இழுத்து மண்ணில் குத்தி அணையுங்கள். வெடித்த இடத்தில் சிமெந்து பூசுவது அடுத்த தவறு. சூட்டில் மண் விரிவது ஒரு மாதிரி, சிமெந்து விரிவது வேறு மாதிரி. ஒரு மாதத்தில் பொரிந்து விழும். களிமண்ணோடு மணல், சாம்பல், கொஞ்சம் சாணம் சேர்த்துக் குழைத்து, வெடிப்பை முதலில் நனைத்துவிட்டு உள்ளே அழுத்திப் பூசுங்கள். புதுப் பூச்சு நிழலில் காய ஒரு வாரம். அப்புறம் இரண்டு நாள் சிறு தீ மட்டும்.

அள்ளிய சாம்பலை உர பேக்கில் கட்டிச் சுவரோரம் வைக்காதீர்கள். உள்ளே தணல் அடுத்த நாள்வரை உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு கோவா, போஞ்சிப் பாத்திகளில் கொஞ்சம் தூவலாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேண்டாம், சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் கிழங்கில் சொறி கூடும். தேயிலைத் தூரில் கொட்டவே கூடாது. தேயிலைக்குப் பிடித்த மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண். வாசலில் இருக்கிற செடி ஏன் மஞ்சளாகிறது என்று தேடும் பலரின் வீட்டில், அந்தச் செடியின் அடியில்தான் தினமும் காலையில் சாம்பல் விழுந்துகொண்டிருக்கும்.