நைல் கப்பலும் பழங்காலக் கோயில்களும்: எகிப்து சொகுசுப் பயணத்தைச் சரியாகத் திட்டமிட

எகிப்து சொகுசுப் பயணத் திட்டங்கள் நான்கைந்தை வாங்கி ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிரமிடுகள், லக்ஸர், நான்கு இரவு நைல் கப்பல், அபு சிம்பல் என்று ஊர்ப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். விலை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். கூடுதல் பணம் பளிங்குக் குளியலறைக்கும் கப்பல் மேல்தளத்து நீச்சல் குளத்துக்கும் போகிறதென்றால் அந்தத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். கூட்டம் வருமுன் கோயிலுக்குள் நிற்கவும், விஷயம் தெரிந்த வழிகாட்டி கூடவே இருக்கவும் அது செலவாகிறதென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தப் பயணத்தில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் நேரம்தான்.

கப்பல் முதலில், விமானம் பிறகு

நைல் கப்பல்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே கிளம்பும். விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டால் கப்பலுக்காக ஏதோ ஓர் ஊரில் இரண்டு நாள் சும்மா காத்திருக்க நேரும். கப்பல் தேதியை உறுதி செய்தபின் மற்றதை அதற்கேற்ப அடுக்குங்கள்.

பத்து அல்லது பதினொரு இரவு இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். கெய்ரோவில் இரண்டு இரவு, விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்து லக்ஸரில் இரண்டு இரவு, ஆற்றில் நான்கு இரவு, அஸ்வானிலும் அபு சிம்பலிலுமாக ஒன்றிரண்டு, கடைசியில் மறுபடி கெய்ரோவில் ஓர் இரவு. ஏழு நாளில் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லும் திட்டங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புதல் நான்கைந்து தடவையாவது இருக்கும். மூன்றாம் நாளே பெரியவர்கள் அறையில் படுத்துவிடுவார்கள்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். நம் ஊர் அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். நவம்பரோ பிப்ரவரியோ அதைவிட நல்லது. மார்ச் முதல் மே வரை கம்சீன் என்னும் புழுதிக்காற்று சில நாள் வீசும்; அப்போது விமானம் தாமதமாகும், லக்ஸரில் வெப்பக்காற்று பலூன் பறக்காது. கோடையில் லக்ஸர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ரமலான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

எந்தப் பக்கம் போவது?

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் வரைபடத்தில் கீழே இருக்கும் அஸ்வான் பக்கத்துக்குத்தான் மேல் எகிப்து என்று பெயர். காற்றோ வடக்கிலிருந்து தெற்கே வீசும். வடக்கே போகிறவன் நீரோட்டத்தோடு மிதந்து போனான், தெற்கே போகிறவன் பாய் விரித்தான். பழைய எகிப்திய எழுத்தில் 'தெற்கே போ' என்பதற்குப் பாய் விரித்த படகையே வரைந்தார்கள்.

லக்ஸரிலிருந்து அஸ்வானுக்குப் போவதே நல்லது. கிசா பிரமிடுகள், பிறகு லக்ஸரில் 'புதிய அரசு' எனப்படும் பார்வோன் காலக் கோயில்கள், அதற்குப் பின் கிரேக்க வம்சமான தாலமிகள் கட்டிய எட்ஃபு, கோம் ஓம்போ, ஃபிலே என்று வரலாறு ஏறக்குறைய வரிசையாக வரும். எதிர்த்திசையில் வந்தால் கடைசியில் கட்டியதை முதலில் பார்த்துவிட்டு, எது எதற்கு முந்தியது என்று குழம்ப வேண்டியிருக்கும்.

பெரிய கப்பலா, தஹபியா பாய்மரப் படகா?

'நான்கு இரவு கப்பல்' என்றால் நான்கு இரவும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் இரவு லக்ஸர் கரையில் கட்டியிருக்கும், கடைசி இரவு அஸ்வான் கரையில். இடையில் ஓடுவதிலும் ஒரு பகுதி இரவில் போய்விடும். ஆகவே, பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுத்தில் கேளுங்கள். பேரீச்சந்தோப்பும் கரும்புக்காடும், அவற்றின் பின்னே திடீரென்று தொடங்கும் மஞ்சள் பாலைவனமும் கண்முன் நகர்வதுதான் நைல் பயணம். அது தூக்கத்தில் போய்விடக்கூடாது.

அடுத்த கேள்வி, கரையில் எப்படிக் கட்டுவார்கள் என்பது. பெரிய கப்பல்களை நான்கைந்தாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள். கரைக்குப் போக மற்ற கப்பல்களின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்குப் பதில் பக்கத்துக் கப்பலின் ஜன்னல் தெரியும், டீசல் புகையும் வரும். சில உயர்தரக் கப்பல்களுக்குச் சொந்தப் படகுத்துறை உண்டு. விலை வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் அது. அறை எடுக்கும்போது மேல் தளங்களில், பின்பக்க இயந்திரத்திலிருந்து தள்ளி, நடுவில் கேளுங்கள். உச்சித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறையில் நாற்காலி இழுக்கும் சத்தம் விடியும் முன்பே தொடங்கிவிடும்.

தஹபியா இரண்டு பாய்மரம் கட்டிய மரப்படகு. ஆறு முதல் பத்து அறைகள் இருக்கும். எஸ்னாவிலிருந்து அஸ்வானுக்குப் போகும். காற்று நின்றால் ஓர் இழுவைப் படகு இழுத்துச் செல்லும். பெரிய கப்பல் நிற்காத எல் கப் கல்லறைகள், கர்னாக் போன்ற கோயில்களுக்கு மணற்கல் வெட்டிய கெபல் அல்-சில்சிலா, ஆற்றுத் தீவுக் கிராமங்கள் என்று நிறுத்தி நிறுத்திப் போகும். லிஃப்ட் கிடையாது, கரையில் பலகை போட்டு ஏறி இறங்க வேண்டும். அது முடிகிறவர்களுக்கு நாங்கள் தஹபியாவையே சொல்வோம். முழங்கால் வலிக்காரர்கள் லிஃப்ட் உள்ள பெரிய கப்பலில் போவதே சரி.

எஸ்னா மதகு, அதாவது நீர்மட்டத்தை உயர்த்திக் கப்பல்களை அணைக்கு மேலே ஏற்றிவிடும் நீர்ப்பூட்டு, ஒரு சிக்கலான இடம். அங்கே கப்பல்கள் வரிசையில் நின்று முறை வரும்போது ஏறும். சில மணி நேரம் போய்விடலாம். பராமரிப்புக்காக மதகை மூடும் நாட்களில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அந்தப் பக்கத்துக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் தேதியில் அப்படி ஏதும் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தஹபியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது மதகுக்கு மேலிருந்துதான் கிளம்புகிறது.

எந்த இடம், எந்த நேரம்

திட்டத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, மணியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

லக்ஸரின் கர்னாக் கோயில் காலை 6 மணிக்குத் திறக்கும். பெரும்பாலான கப்பல்கள் முதல் நாள் மதிய உணவுக்குப் பிறகு அங்கே கூட்டிப்போவார்கள். அந்த வெயிலில் 134 தூண்கள் கொண்ட பெருமண்டபமும் நிழல் தேடும் இடமாகத்தான் தெரியும். கப்பலுக்கு முன் லக்ஸரில் இரண்டு இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு காலை கர்னாக்குக்கு, மறு காலை மேற்குக் கரைக்கு. லக்ஸர் கோயில் இரவிலும் திறந்திருக்கும், விளக்கொளியில் பாருங்கள். பலூனில் ஏற ஆசையிருந்தால் முதல் காலைக்கே பதிவு செய்யுங்கள். காற்றால் ரத்தானாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும். பலூன் விடியலில்தான் பறக்கும் என்பதால் அந்த நாளில் கர்னாக்கைப் பலூனுக்குப் பிறகு நகர்த்த வேண்டிவரும்.

மேற்குக் கரையிலுள்ள அரசர்கள் பள்ளத்தாக்குக்கும் காலை 6 மணிக்கே போய்விட வேண்டும். பொதுச் சீட்டில் திறந்திருக்கும் கல்லறைகளில் மூன்றைப் பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் செத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு. 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று திட்டத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் பொதுச் சீட்டை மட்டும்தான். கூடுதல் சீட்டு ஒன்றுதான் வாங்குவதென்றால் ஐந்தாம் ஆறாம் ராம்செஸ் இருவருக்கும் பொதுவான கல்லறை: உள்ளே சாய்தளமாகவே இறங்கலாம், அடக்க அறையின் கூரையில் நூட் தேவியின் உடல் இரண்டாக நீண்டு வானமாகப் பரவியிருக்கும். முதலாம் செத்தியின் கல்லறைப் புடைப்போவியங்கள் எல்லாவற்றையும்விட நுட்பமானவை. ஆனால் படிகள் ஆழமாக இறங்கும், சீட்டு விலையும் மிக அதிகம். பொதுச் சீட்டின் மூன்றில் நான்காம் ராம்செஸும் ஒன்பதாம் ராம்செஸும் பெரியவர்களுக்கு எளிது. மெர்னெப்தா, மூன்றாம் துத்மோஸ் இரண்டும் கால் பலமுள்ளவர்களுக்கு. துத்மோஸ் கல்லறைக்கு இரும்புப் படியில் பாறை இடுக்கு வரை ஏறி, பிறகு உள்ளே இறங்க வேண்டும், காற்றும் குறைவு.

கல்லறைக்குள் வழிகாட்டிகள் நின்று விளக்கம் சொல்ல அனுமதியில்லை. வெளியிலேயே, படங்களை வைத்து, எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் பழங்காலப் பயணிகள் கிரேக்கத்தில் கிறுக்கிய பெயர்கள் ஏராளம். அவற்றுக்கிடையே தமிழ்பிராமியில் சிகை கொற்றன் என்ற பெயரையும் ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். நம்மவர் ஒருவர் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் லக்ஸருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள டெண்டராவுக்குக் காரில் போய் வாருங்கள். புகைக்கரி நீக்கிய ஹாத்தோர் தேவி கோயில் கூரையின் நீலத்துக்காகவே போகலாம். வழியில் வரும் குஃப்த் என்ற சிற்றூர்தான் பழைய காப்டோஸ். முசிறியிலிருந்து செங்கடல் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ஒட்டக முதுகில் பாலைவனம் கடந்து இங்கே வந்து, படகேறி அலெக்ஸாந்திரியாவுக்குப் போனது.

எட்ஃபுவில் எல்லாக் கப்பல் கூட்டமும் ஒரே காலையில் குதிரை வண்டிகளில் கோயிலுக்குப் பாயும். குதிரைகள் பல நலிந்தவை. கார் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் கிடைக்கும். கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடித்த கோயில் அது. நூற்றாண்டுகளாக மணலில் புதைந்து கிடந்ததால்தான் கூரையோடு முழுசாக நிற்கிறது. கோம் ஓம்போ படித்துறையிலிருந்து நடக்கும் தூரம். பொழுது சாயும்போது போங்கள், பக்கத்திலேயே முதலை மம்மி அருங்காட்சியகம்.

ஃபிலேவுக்கு மோட்டார் படகில் போக வேண்டும். அணை நீரில் மூழ்கிய கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து 1980-க்குள் பக்கத்து அகில்கியா தீவில் அடுக்கினார்கள். கி.பி. 394-இல் பொறித்த, நாள் குறித்த கடைசிச் சித்திர எழுத்து இங்கேதான் இருக்கிறது; எந்தச் சுவர் என்று வழிகாட்டியைக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி உடனே கூட்டிப்போவார்.

அபு சிம்பல் குடைவரைக் கோயில் அஸ்வானிலிருந்து சாலையில் மூன்றரை மணி நேரம். விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்பும் பேருந்துகள் எல்லாம் எட்டு மணி வாக்கில் ஒன்றாக வந்து சேரும், பத்தரைக்குள் காலியாகிவிடும். அங்கேயே ஓர் இரவு தங்குபவர் மாலையிலும் அதிகாலையிலும் கூட்டமில்லாமல் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் கூடுதலாகச் செலவிட ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களில் சூரிய ஒளி கருவறை வரை புகும். ஆனால் அன்று கூட்டம் தாங்காது, அமைதியாகப் பார்க்க விரும்புவோர் தவிர்க்கலாம்.

வழிகாட்டி

அரசு உரிமம் பெற்ற எகிப்தியல் வழிகாட்டி ஒருவரே தொடக்கத்திலிருந்து அஸ்வான் வரை வருவாரா, ஊருக்கு ஊர் மாறுவார்களா என்று கேளுங்கள். மாறினால் ஒவ்வொருவரும் ஒசிரிஸ் தெய்வத்தின் கதையை முதலிலிருந்து சொல்வார்கள். குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பாப்பிரஸ் கடை, வாசனைத் திரவியக் கடை, அலபாஸ்டர் பட்டறை எதுவும் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தரகுக்காக நிறுத்தும் இந்தக் கடைகள் ஒரு கோயிலுக்கான நேரத்தை விழுங்கிவிடும்.

சாப்பாடு, பணம், உடல்நிலை

சைவர்களுக்கு எகிப்து கஷ்டமில்லை. அவரைப் பருப்பில் செய்யும் ஃபுல், அதையே அரைத்து வடை போலப் பொரிக்கும் தாமியா, அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்து மேலே பொரித்த வெங்காயம் தூவும் கோஷரி எல்லாம் எங்கும் கிடைக்கும். ஏமாறுவது சூப்பில்தான்: காய்கறி சூப், முலுக்கியா கீரைக் குழம்பு இரண்டிலும் கோழிச் சாறு இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்பது போதாது, 'கோழிச் சாறும் வேண்டாம்' என்று கப்பலில் ஏறும்போதே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். குழாய் நீரில் பல் துலக்கக்கூட வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆளுக்குக் குறைந்தது ஆறு எடுத்துப் போங்கள்.

பல நினைவுச்சின்னங்களில் நுழைவுச் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். வெளிநாட்டில் செல்லும்படி உங்கள் கார்டைக் கிளம்புமுன் வங்கியில் திறந்துவையுங்கள். பக்‌ஷீஷுக்கு (அங்கங்கே கேட்கும் சிறு அன்பளிப்புக்கு) 20, 50 எகிப்தியப் பவுண்டு சில்லறை நோட்டுகள் வேண்டும்; ஏ.டி.எம். பெரிய நோட்டாகத் தரும், விடுதியில் மாற்றிக்கொள்ளுங்கள். கல்லறைக் காவலர் கயிற்றைத் தூக்கி உள்ளே அழைத்தால் போகாதீர்கள். கப்பல் ஊழியருக்கான அன்பளிப்பைக் கடைசி நாளில் உறையில் கொடுப்பது வழக்கம்; வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனி உறை. டிசம்பர், ஜனவரி காலைகளில் கப்பல் மேல்தளம் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.

கெய்ரோ அருங்காட்சியகங்கள் கடைசியில்

முதலில் தங்கும் இரண்டு இரவில் கிசாவையும் படிப் பிரமிடு உள்ள சக்காராவையும் மட்டும் பாருங்கள். 2025 நவம்பரில் முழுதாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். துட்டன்காமுனின் கல்லறை பள்ளத்தாக்கின் சின்னஞ்சிறு கல்லறைகளில் ஒன்று. அந்த நெருக்கமான அறைகளை நேரில் பார்த்தபின், அவற்றுக்குள் அடைத்து வைத்திருந்த 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இங்கே கூடம் கூடமாகப் பரந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் அளவு புரியும். நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்கி, திறந்தவுடன் நேராக அந்தக் கூடங்களுக்குப் போங்கள். பெரும்படிக்கட்டுச் சிலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிற்பகலில் ஃபுஸ்டாட் பகுதியிலுள்ள நாகரிக அருங்காட்சியகத்தில் அரச மம்மிகள். முதலாம் செத்தியும் அபு சிம்பலைக் குடைந்த இரண்டாம் ராம்செஸும் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்த மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது.