நான்கு கால் சிலந்திப்பேன்: எரியோஃபைடே குடும்பத்தைப் புங்க இலையிலிருந்து கற்றுக்கொள்வது எப்படி?

புதுச்சேரியிலோ கடலூரிலோ சாலையோரப் புங்க மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள். பல மரங்களில் இலையெங்கும் விரல் நுனி வடிவத்தில் புடைப்புகள் எழும்பியிருக்கும். பூச்சி முட்டை என்று சிலரும் மரத்துக்கு நோய் என்று சிலரும் சொல்வார்கள். இரண்டும் இல்லை. அது மரத்தின் சொந்தத் திசு. உள்ளே அசேரியா பொங்காமியே என்ற சிலந்திப்பேன் குடியிருக்கிறது. இந்தக் குடும்பத்தைப் படிக்க இதைவிட எளிதான தொடக்கம் நம் ஊரில் கிடையாது.

முதலில் இதன் இடம் எது என்று பார்த்துவிடுவோம். சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றோடு இதுவும் அராக்னிடா வகுப்பைச் சேர்ந்தது. அதில் உண்ணிகளும் சிலந்திப்பேன்களும் அடங்கிய அகாரி பிரிவு. அதனுள் எரியோஃபையாய்டியா என்ற பெருங்குடும்பம். இப்பெருங்குடும்பத்தில் மூன்று குடும்பங்கள்: ஃபைட்டாப்டிடே, எரியோஃபைடே, டிப்டிலோமியோபிடே. மூன்றிலும் பெரியது எரியோஃபைடே. மற்றச் சிலந்திப்பேன்கள் ஆறு காலோடு பிறந்து எட்டுக் காலோடு வளரும். இவற்றுக்கோ முட்டையிலிருந்து வந்த நாள் முதல் கடைசி வரை நான்கே கால்கள்தான், அவையும் தலைப்பக்கம் மட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தேவையானவை: 20 மடங்கு கைலென்ஸ், கறுப்பு அட்டை, புதிய பிளேடு, காகித உறை, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பி, பென்சில்.

படி 1. இளம் புடைப்பைத் தேர்ந்தெடுங்கள்

வளரும் தளிரில் மட்டுமே சிலந்திப்பேனால் புடைப்பை உண்டாக்க முடியும். முற்றிய இலையில் புதிதாக ஒன்று எழும்பாது. ஆகவே மரம் இலையுதிர்த்துத் துளிர்த்த பிறகு, பச்சை மாறாத புடைப்பாகப் பறியுங்கள். பழுப்பேறிக் காய்ந்ததைப் பிளந்தால் வெறும் கூடுதான் இருக்கும், அல்லது பின்னால் வந்து ஒண்டிய வேறு பூச்சிகள் இருக்கும். தொடங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே நீர் வேர்த்து அதில் சிலந்திப்பேன்கள் ஒட்டிக்கொள்ளும். காகித உறையே நல்லது. பறித்த அன்றே பார்த்துவிடுங்கள்.

படி 2. பிளந்து பாருங்கள்

புடைப்பு நீண்டிருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் மெல்லிய வாய் ஒன்று இருக்கும், சிலந்திப்பேன் வந்துபோகும் வழி அது. கறுப்பு அட்டையில் வைத்து நெடுக்காகப் பிளந்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி ஐந்து நிமிடம் விடுங்கள். திசு உலர உலர உள்ளிருப்பவை வெளியே ஊரும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை அதன் அருகே கொண்டுவாருங்கள். 20 மடங்கு லென்ஸுக்கு இடைவெளி சுமார் 12 மி.மீ. தான். கையை நீட்டிப் பிடித்தால் எதுவும் தெரியாது. உயிரின் நீளம் கிட்டத்தட்ட 0.2 மி.மீ.; லென்ஸில் 4 மி.மீ. அளவில் வெளிறிய நூல் துண்டாகத் தெரியும், மெதுவாக நகரும்.

படி 3. வேறொன்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

வெறுங்கண்ணுக்கே தெரியும் கால் இல்லாத புழு உள்ளே இருந்தால் அந்தப் புடைப்பு ஈ இனத்தின் வேலை. பளபளப்பாக, வேகமாக ஓடி, எட்டுக் காலோடு இருப்பது ஃபைட்டோசீடே குடும்பத்து வேட்டைச் சிலந்திப்பேன். அதைக் கண்டால் கொன்றுவிடாதீர்கள், நாம் தேடும் உயிரைத் தின்று வாழ்வது அதுதான். நூலாம்படையும் எட்டுக் காலும் இருந்தால் செஞ்சிலந்தி. அது டெட்ரானிக்கிடே குடும்பம்.

படி 4. தாவரத்தை வைத்து இனத்தை நெருங்குங்கள்

இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் ஒரே தாவரத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டும் நம்பி வாழ்கின்றன. எனவே தாவரத்தின் பெயரைச் சரியாகக் கண்டாலே பட்டியல் சுருங்கிவிடும். மல்லிகை இலையில் வெள்ளைக் கம்பளி ரோமம் படர்ந்திருந்தால் அசேரியா ஜாஸ்மினி. பூஞ்சணம் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள், பூஞ்சணம் துடைபடும், இந்த ரோமம் இலையோடு ஒன்றியிருக்கும். துவரையில் புடைப்பும் இருக்காது, ரோமமும் இருக்காது. ஆனால் இலையின் அடிப்பக்கம் வாழும் அசேரியா கஜானிதான் மலட்டுத் தேமல் நோயின் வைரஸைச் செடிக்குச் செடி கடத்துகிறது.

தென்னைக்கு வந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. சொறி விழுந்த தேங்காய்க்குக் காரணமான அசேரியா கெரெரோனிஸ், மெக்சிகோவின் கெரெரோ மாநிலத்து மாதிரிகளைக் கொண்டு 1965-இல் கெய்ஃபர் என்பவரால் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. குரும்பையின் காம்பை மூடிய இதழ்களின் விளிம்பில் வெளிறிய முக்கோணத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இதழைக் கத்தியால் நெம்பி எடுங்கள். மாவு தூவியதுபோல் கூட்டம் இருக்கும். திட்டு பழுப்பாகி வெடித்த காயில் தேட வேண்டாம், இரண்டு மூன்று மாதக் குரும்பையே சரி.

பிஞ்சு பிடித்துச் சுமார் ஒரு மாதத்தில் இதழுக்கும் காய்க்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும்போது நூல் போன்ற உடல் கொண்ட இந்தச் சிலந்திப்பேன் உள்ளே நுழைந்துவிடுகிறது. நியோசியூலஸ் பராகி என்ற வேட்டைச் சிலந்திப்பேனின் உடல் இதைவிடப் பெரியது, ஆகவே இடைவெளி இன்னும் அகலும் வரை அதனால் நுழைய முடியாது. அதற்குள் இங்கே பல தலைமுறை பெருகிவிடும், ஏனென்றால் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்குப் பத்து நாள்கூட ஆவதில்லை. மேலே தெளிக்கும் மருந்தும் இதே காரணத்தால்தான் உள்ளே எட்டாமல் போகிறது, வேட்டையாடிகளை மட்டும் கொன்றுவிட்டுப் போகிறது. உதிர்ந்த குரும்பைகளைத் தோப்பில் கிடக்க விடாமல் பொறுக்கி எரிப்பது நல்லது. கூட்டம் நெருக்கமானதும் இவை வால் நுனியால் பற்றிக்கொண்டு எழுந்து நின்று, காற்றில் பறந்து அடுத்த மரத்தை அடைகின்றன.

படி 5. மாதிரியைப் பாதுகாத்து அனுப்புங்கள்

புடைப்பைப் பாதியாக வெட்டி அப்படியே ஆல்கஹாலில் போடுங்கள். தனிச் சிலந்திப்பேனை ஊசியால் எடுக்கப் போனால் நசுங்கும். 70 சதவீதத்தை விட மிகக் கடுமையான ஆல்கஹாலில் உடல் சுருங்கி, வளையங்களை எண்ண முடியாமல் போகும். இனத்தை முடிவுசெய்ய முதுகுக் கேடயத்தின் கோடுகள், உடல் வளையங்களின் எண்ணிக்கை, கால் நுனியில் இறகு போல் கிளைத்த நகத்தின் கிளைகள் ஆகியவை வேண்டும். இவை நிறமற்ற நுண்பகுதிகளையும் தெளிவாகக் காட்டும் 1000 மடங்கு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில்தான் தெரியும், வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறையை அணுகுவதே வழி. குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தாவரத்தின் பெயர், இடம், தேதி, புடைப்பு இலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை எழுதி, அதே கிளையின் பூவோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள்.