கூட்டம் நடக்கிறது, ஐக்கியம் நடக்கிறதா? சபைக் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் சபையின் வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என் பொறுப்பில் இருந்தது. ஏழு மணிக்கு ஆரம்ப ஜெபம், இரண்டு கீர்த்தனை, வேதபாடம், செய்தி, ஜெபக் குறிப்புகள், கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம். எட்டரைக்கு டிபன். ஒரு வாரம்கூட நிற்காமல் நடந்தது. வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஓர் அக்கா திடீரென்று இரண்டு வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர் கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. காதில் கிடந்த கம்மல் வரை அடகுக்குப் போய்விட்டது. அந்த ஏழு மாதமும் அவர் எங்களோடு பாயில் உட்கார்ந்து பாடியிருக்கிறார். "யாரும் கேக்கலையே தம்பி" என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், விசுவாசத்தின் அடிப்படைப் பாடமான ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்தவன். ஆனாலும் எங்கள் சபையின் விசுவாச ஆவணங்களில் ஒன்றான, 1537-ஆம் ஆண்டின் ஸ்மால்கால்டு கோட்பாடுகளில், சபைச் சீர்திருத்தவாதி லுத்தர் எழுதிய ஒரு பகுதி எனக்கு மிகவும் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. நற்செய்தி நமக்கு எந்தெந்த வழிகளில் வருகிறது என்று அங்கே அவர் வரிசையாகச் சொல்கிறார். பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அறிவிக்கும் அதிகாரம். கடைசியில் இன்னொன்றையும் சேர்க்கிறார்: சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி, ஒருவரையொருவர் ஆற்றுவது. இரண்டு பேராவது மூன்று பேராவது கூடியிருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்ற இயேசுவின் வார்த்தையை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார். பிரசங்க பீடத்தையும் பலிபீடத்தையும் சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்லியிருக்கிறார். பெண்கள் சங்கம், வாலிபர் சங்கம், வீட்டுக் கூட்டம், பாடகர் குழு எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்று நான் நினைக்கிறேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பேச்சும் ஆறுதலும் நின்றுபோவதால் வருபவை.

முதல் தவறு எங்களுடையதுதான். நிகழ்ச்சி நிரலை நிரப்பிவிடுவது. ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் நாற்பது நிமிடம் செய்தி கொடுத்தால், மற்ற பதினைந்து பேருக்கும் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஒரு கூட்டம் ஞாயிறு ஆராதனையின் சின்ன நகலாக இருந்தால் போதாது. நாங்கள் பின்னால் செய்த மாற்றம் எளிமையானது. செய்தி பதினைந்து நிமிடம். அந்த ஞாயிறு வாசித்த பாடத்தையே மறுபடி எடுத்து இரண்டு கேள்வி கேட்பது. வரிசையாக உட்காராமல் வட்டமாக உட்காருவது. கூட்டம் பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரிப்பது. முதல் சில வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பயந்து நடத்துபவரே பேச ஆரம்பித்தால் பழைய கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு பெரியவர், தன் மகன் தன்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது என்று சொன்னார். அன்று நாங்கள் இரண்டாவது கீர்த்தனையைப் பாடவே இல்லை.

சரி, மனம் விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அடுத்த ஆபத்து தயாராக நிற்கிறது. கூட்டத்தில் சொன்னது வெளியே போவது. "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற முன்னுரையோடு ஒருவருடைய நோயும் குடும்பச் சண்டையும் பெண் பார்த்துவிட்டுப் போன வரன் வேண்டாம் என்று சொன்னதும் சபை வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டையே படம் பிடித்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்த நோயாளி மறுபடி எதையும் யாரிடமும் சொல்லமாட்டார். சம்பந்தப்பட்டவரிடம் "இதைக் குழுவில் போடலாமா, பெயர் சொல்லலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் குழுவே தீர்த்துவிட முடியாது. நெஞ்சை அழுத்தும் பாவத்தைத் தனியே அறிக்கையிட்டு மன்னிப்பின் வார்த்தையைக் கேட்கும் வழக்கத்தை லுத்தரன் சபை கைவிடவில்லை. அது சபைகளில் நிலைத்திருக்க வேண்டும் என்று 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையே சொல்கிறது. எந்த விஷயத்தை ஐயரிடம், அதாவது போதகரிடம், கொண்டு போக வேண்டும், எதை டாக்டரிடம் கொண்டு போக வேண்டும் என்று குழுவை நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நன்றாக நடக்கும் குழுவுக்கும் ஒரு தவறு காத்திருக்கிறது. தானே ஒரு சபை என்று நினைத்துக்கொள்வது. இது புதிதல்ல. 1670-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் போதகராயிருந்த ஸ்பேனர், விசுவாசிகளைத் தன் வீட்டில் கூட்டி வேதம் வாசித்துப் பேச வைத்தார். லுத்தரன் உலகத்தில் வீட்டுக் கூட்டங்கள் பெருகியதற்கு அது பெரிய காரணம். ஆனால் அதே வட்டத்தில் இருந்த சிலர் நாளடைவில் ஆலய ஆராதனையையும் திருவிருந்தையும் விட்டே விலகினார்கள். ஸ்பேனரின் வழியில் வந்தவர்தான் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் போதகர் பிராங்கே. அந்த ஹாலேயோடு தொடர்புடையவர்தான் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு. ஆகவே வீட்டுக் கூட்டத்தின் ஆசீர்வாதமும் ஆபத்தும் நம் தமிழ் லுத்தரன் சபைகளுக்குப் பிறப்பிலிருந்தே சேர்ந்து வந்தவை.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வெறும் சடங்கு, எங்கள் கூட்டத்தில்தான் ஆவி இருக்கிறது" என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் அன்றே அன்போடு பேசிவிட வேண்டும். ஆராதனை நேரத்தில் எந்தக் குழுவும் கூடக் கூடாது. ஐயர் மாதம் ஒரு முறையாவது வந்து, பேசாமல், மற்றவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதேபோல, ஆட்கள் கூடுகிறார்கள் என்பதற்காகவே சந்தேகப்பட்டு ஒரு கூட்டத்தை நிறுத்துகிற சபைச் சங்கமும், அதாவது சபையை நிர்வகிக்கும் குழுவும், தவறு செய்கிறது. விரட்டப்பட்ட குழு தனியே ஒரு ஷெட் போட்டுக்கொள்ளும். பிறகு அவர்களை அழைத்து வருவது கஷ்டம்.

அடுத்தது சொல்ல வலிக்கிற ஒன்று. நம் குழுக்கள் உறவுமுறை வழியாகவும் தெரு வழியாகவும் சேருகின்றன. தெரு வழியாக என்றால் சாதி வழியாக என்று நம் எல்லோருக்கும் தெரியும். 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டார். அதை ஏற்காத தஞ்சாவூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களில் பலர் பின்னர் லுத்தரன் பக்கம் வந்தார்கள். இது நம் வரலாற்றில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கூட்டம் எந்த வீட்டில் நடப்பதே இல்லை என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். யார் வீட்டில் கொடுத்த காபியை யார் குடிக்காமல், அவசர வேலை என்று சொல்லி எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். பாடகர் குழுவில் யார் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்கிறார்கள், அறுப்பின் பண்டிகைக்குச் சமையல் செய்ய யாரை விடுகிறார்கள், பாத்திரம் கழுவ யாரை விடுகிறார்கள் என்றும் பாருங்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கிவிட்டு ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்க மறுப்பதை எந்தச் சபையும் தாங்கிக்கொண்டு இருக்கக் கூடாது.

இதில் ஒரு சின்ன நடைமுறை பெரிய வித்தியாசம் செய்தது. எங்கள் கூட்டத்தில் டிபனை நிறுத்தினோம். ஒரு வீட்டில் இட்லி, வடை என்றால் அடுத்த வீட்டில் பூரி, கேசரி. இப்படி ஏறிக்கொண்டே போனதில், கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் "எங்க வீட்டுல இடம் பத்தாது" என்று ஒதுங்கிக்கொண்டன. தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்று முடிவு செய்து, பாயையும் சபையிலிருந்தே எடுத்துப் போக ஆரம்பித்தபோது, அதுவரை ஒரு நாளும் கூட்டம் நடக்காத ஆறு வீடுகளின் கதவு திறந்தது.

இளைஞர்கள் விஷயத்தில் தவறு நேரடியானது. திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலில் நிற்க வைத்து, முதல் திருவிருந்து கொடுத்து, போட்டோ எடுக்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் வேலை நாற்காலி போடுவதும் டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போவதும்தான். வேத வசனத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டால் வாயாடி என்கிறோம். படிப்புக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற பிள்ளையின் பெயரை, அங்குள்ள லுத்தரன் சபைக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடலாம். பெரும்பாலும் அதைக்கூடச் செய்வதில்லை. ஞாயிறு பள்ளியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பிள்ளைகளோடு மூடிய அறையில் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி மாறக் கூடாது.

வெளி ஊழியத்துக்கு வருவோம். இதில் நாம் செய்கிற முதல் தவறு, பேசுவதற்கு முன் கேட்காமல் இருப்பது. சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார். 1712 முதல் 1714 வரையிலான காலத்தில் உள்ளூர்த் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களுடைய நம்பிக்கையையும் வாழ்க்கையையும் பற்றி அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதிய பதில் கடிதங்களைச் சேகரித்தார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது 1715-இல். அவ்வளவு கேட்ட பிறகுதான் அவ்வளவு எழுதினார். நாமோ பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமலே ஒலிபெருக்கியோடும் துண்டுப் பிரதியோடும் இறங்குகிறோம்.

ஆஸ்பத்திரிச் சந்திப்பில் இன்னும் கவனம் வேண்டும். பத்துப் பேர் ஒரே கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாகப் பாடுவது நோயாளிக்கும் ஆறுதல் இல்லை, பக்கத்துக் கட்டிலுக்கும் ஆறுதல் இல்லை. இரண்டு பேர் போனால் போதும், பத்து நிமிடம் போதும். "விசுவாசம் இருந்தால் சுகமாகிவிடும்" என்று சொல்லவே கூடாது. அப்படியானால் சுகமாகாதவருக்கு விசுவாசம் இல்லை என்றாகிவிடுகிறது. 1518-இல் ஹைடெல்பெர்க்கில் லுத்தர் சிலுவையின் இறையியலைப் பற்றிப் பேசினார். கடவுளைச் சிலுவையிலும் பாடுகளிலும் கண்டுகொள்ளச் சொன்ன சபை நம்முடையது. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் அதற்கு மாறான ஒன்றைச் சொல்லிவிட்டு வர நமக்கு உரிமை இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை அந்தக் குழுவில் வைத்திருக்கவே கூடாது.

உதவி செய்யும்போது போட்டோ வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பைக்கு ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையை வாங்குபவரும் பிடித்துக்கொண்டு நிற்கும் படம், வாங்கியவரின் பிள்ளை படிக்கிற பள்ளி வரைக்கும் போய்ச் சேரும். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? உதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் முடிச்சுப் போடுவதும் அதே அளவு தவறு. பசித்தவர் பசித்தவர் என்பதற்காகவே கொடுக்க வேண்டும்.

பணம் என்று வந்துவிட்டால் லுத்தர் காலத்து ஊர் ஒன்று நமக்கு நல்ல பாடம். சாக்சனியில் லைஸ்னிக் என்ற ஊர் 1523-இல் ஏழைகளுக்கும் ஊழியத்துக்குமாக ஒரு பொது நிதிப் பெட்டி வைத்தது. லுத்தரே அதன் விதிமுறைக்கு முன்னுரை எழுதினார். பெட்டிக்கு நான்கு பூட்டு. சாவிகள் பிரபுக்கள், நகரசபை, ஊர்மக்கள், சுற்றுவட்டார விவசாயிகள் என்று நான்கு தரப்பிடம். நான்கு பேரும் சேராமல் பெட்டி திறக்காது. இன்று பெண்கள் சங்கத்தின் பிடியரிசிக் காணிக்கையும் வாலிபர் சங்கத்தின் கேரல் பணமும் ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் போய் விழுகின்றன. அவர் உண்மையானவராகவே இருக்கட்டும். ஒரு சண்டை வந்தால் அவர் பெயர்தான் முதலில் கெடும். இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் கணக்கு, இந்த இரண்டும் இருந்தால் பாதிச் சண்டை வராது. சபைச் சங்கத் தேர்தல் நேரத்தில் குழுக்களை ஓட்டுப் பட்டியலாகப் பயன்படுத்துவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு தேர்தலுக்காக உடைந்த வீட்டுக் கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் இன்னும் ஒட்டவில்லை.

அப்புறம், வராதவர்கள். மாதக் கடைசியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, வந்தவர்களை எண்ணுவதற்குப் பதிலாக வராத மூன்று பெயரை எழுதி, யார் வீட்டுக்கு யார் போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் "ஏன் கூட்டத்துக்கு வரலை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். வேதப் புத்தகத்தைப் பையிலேயே வைத்திருங்கள். "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அதை அவர் இறக்கி வைத்துவிட்டு வரட்டும்.